பதினேழாம் நம்பர் கொன்றை

பேரூராட்சி அந்த ரோட்டை 'எழில் சாலை' என்று அறிவித்து, மரங்களுக்கு நம்பர் தகடு அடித்தது. பச்சை மரத்தில் கிளையை ஒடித்தாலும் அபராதம்.

பாவாத்தாள் வீட்டு வாசலில் நின்ற சரக்கொன்றைக்குப் பதினேழாம் நம்பர். பேப்பரில் போட்டோ வேறு. எதிர்வீட்டு மரகதத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் வாசலில் இருந்தது வெறும் கரண்ட் கம்பம்.

"கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க அம்மணி. கண்ணுபட்டுருமோன்னு பயமா இருக்குதுங்க" என்றாள் பாவாத்தாள்.

"உங்க மரத்துக்கு என்னங்க வந்துரும்?" மரகதம் சிரித்து வைத்தாள்.

"வேர்ல பெருங்காயம் கரைச்சு ஊத்துனா பட்டுப்போயிருமாமுங்க. எந்தப் பாவியாச்சும் செஞ்சுபோட்டா?"

அந்த வாரமே மரகதம் எட்டு டப்பா பெருங்காயம் வாங்கினாள்.

"ஊட்ல விருந்துங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

ஒன்றரை மாதத்தில் கொன்றை காய்ந்து நின்றது. பேரூராட்சி ஆட்கள் தகட்டைக் கழற்றிவிட்டு மரத்தை வெட்டினார்கள். மரகதம் ஜன்னலில் நின்று ஒவ்வொரு வெட்டையும் ரசித்தாள்.

சாயங்காலம் பாவாத்தாள் மைசூர்பாகோடு வந்தாள்.

"எடுத்துக்குங்க அம்மணி. நாளைக்குப் புது மாருதி வருதுங்க."

"காருங்களா?"

"வாசலுக்கு நடுவுல மரம் நின்னா கார் எப்படிங்க உள்ள வரும்? வெட்டச் சொல்லி மூணு மனு குடுத்தேன். பச்சை மரத்தைத் தொடக்கூடாதுன்னு திருப்பிட்டாங்க."

மரகதத்தின் வாயில் மைசூர்பாகு கரையவில்லை.

பாவாத்தாள் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து வைத்தாள்.

"உங்க ஊட்ல பெருங்காயம் தீந்துருக்குமுங்களே."