சோக்கு போட்ட “ம்ம்ம்”

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு டியூப்லைட்டும், அதை மாட்டிய பட்டியிலேயே அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் ஒரு சோக்கும் குடியிருந்தன. வெளிச்சத்தைக் குறைக்க ஆசைப்பட்ட வீட்டுக்காரர் சுவரில் டிம்மர் வைத்தார். அதைத் திருகினால் டியூப்லைட் படபடத்தது.

“அடங்கி எரியேன்டி!” என்றது சோக்கு.

“நீ பழைய சோக்கு. எரியவிடத் தெரியும், அணைக்கத் தெரியும். நடுவிலே நிறுத்தத் தெரியுமா உனக்கு? ஆனா என்னைத்தான் தூக்கிப் போடுவாங்க, பாரேன்.”

சோக்குக்குச் சுருக்கென்றது.

எலெக்ட்ரீஷியன் வந்து ஏணியில் ஏறி, உள்ளறையில் இருந்த வீட்டுக்காரரைக் கேட்டார். “டியூப் போச்சு. மாத்திடவா சார்?”

“ஐயோ, அவளை விடுங்க! மாத்த வேண்டியது என்னை!” என்று சோக்கு கத்தியது. அவர் காதில் “ம்ம்ம்…” என்றுதான் விழுந்தது.

“சரி சார்” என்று டியூப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டார். புதிய டியூப்பும் படபடத்தது.

“இதுவும் மட்டம்” என்று சலித்துக்கொண்டே, இன்னொன்று வாங்கக் கடைக்கு நடந்தார்.