ஷெரோமியின் சப்வூஃபர்

மெல்ரோய் இருந்தவரை காரில் பாட்டுப் போட விட்டதே இல்லை. அவர் இறந்த அடுத்த வருடம், மனைவி ஷெரோமி அதே காரில் பெரிய சப்வூஃபரும் அம்ப்ளிஃபயரும் பூட்டுவித்தாள். பூட்டிய கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து வெளியே வந்ததும் பாட்டின் சத்தம் தானாகக் குறைந்தது. கூட்டினாள். மறுபடியும் குறைந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"வயரிங் எல்லாம் சரி அக்கா. இது தானாக் குறையாது," என்றான் பூட்டியவன்.

கொழும்பின் காலி வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பாட்டு அடியோடு நின்றது. ஷெரோமி பக்கத்து வெற்று சீட்டைப் பார்த்தாள்.

"இது இப்ப என்ட கார். பாட்டுப் பிடிக்காட்டி இறங்கி நடந்து போங்க."

இடப்பக்கக் கதவு திறந்தது. அந்தப் பக்கம் கார் சற்று உயர்ந்தது. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

பச்சை விழுந்தது. அவள் சத்தத்தை முழுதாகக் கூட்டி, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமலே காரை எடுத்தாள்.