விற்றவள் பெயர்

வேண்டுமென்றேதான் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றான்.

அவள் அப்போதுதான் தன் ஃபேன்ஸி கடை வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்தி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டிருந்தாள். முதல் போணியைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரி இந்த பஜாரில் பிறக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

கண்ணாடிப் பெட்டி மேல் நோட்டை வைத்தான்.

"கயிறு குடுங்கக்கா. நம்ம கலரு. போன தடவ மாதிரி மொத்தமா. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குல்லா."

ஆறுமுகநயினார். சாதிச் சங்கத்தின் செயலாளர். அவளும் அதே சாதி. கடை இருக்கிற கட்டடம் சங்கத்துடையது.

அவள் தலைக்கு மேலே கொக்கியில் கயிறுகள் தொங்கின. கொத்துக் கொத்தாக. பையன்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. எந்த நிறம் எந்தச் சாதி என்று இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லார் நிறமும் அவளிடம் உண்டு. வியாபாரிக்கு ஏது பட்சபாதம்? அடிதடி நடந்த வாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் விற்றிருக்கிறாள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

மாசி மாதம் ஜெபக்கனி டீச்சர் மஞ்சள் துணி வாங்க வரும்வரை.

சரித்திரப் பாடத்துக்காம். நட்சத்திரம் வெட்டணுமாம். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் யூதர்கள் அதை நெஞ்சில் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கணுமாம். பார்த்ததும் இன்னார் என்று தெரிய. தெரிந்த பிறகு அவர்களை என்ன செய்தார்கள் என்பதையும் டீச்சர் சொன்னார்.

அந்த நட்சத்திரத்தை அவர்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"யாரு டீச்சர் வித்தது?"

எத்தனையோ வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவர். எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை.

"எங்க புஸ்தகத்துல அந்தப் பேரு இல்லியேக்கா."

பங்குனியில் அதே 'நம்ம கலரு' கட்டின பையன்கள் ஒரு பையனை மறித்தார்கள். எட்டாம் வகுப்பு. கயிறே கட்டாதவன்.

நீ எந்தக் கலருலே என்று கேட்டார்களாம். அவன் சொல்லவில்லை.

வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

டீச்சர் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனார். வெட்டினதுகளும் பிள்ளைகள்தான் என்றார் வக்கீல். கயிற்றை மொத்தமாக வாங்கி அதுகள் கையில் கட்டிவிட்ட பெரிய மனுஷன் யார்? அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இன்றைக்கு வாய்தா. அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கட்டக் கூடாதுன்னுதான் சர்க்கார் உத்தரவு" என்றான் செயலாளர். "விக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நல்லா விசாரிச்சுட்டேன்."

"நீங்க விசாரிக்காம வருவியளா தம்பி."

சிரித்தான். பிறகு குனிந்து, குரலை இறக்கினான்.

"மேல் மாடியையும் நீங்களே எடுத்துக்கிடுங்க. வாடகையப் பத்திப் பேச்சே வேண்டாம். நமக்குள்ள என்னக்கா? கோர்ட்டு கீர்ட்டுன்னு ஏன் அலையணும்?"

பேரம் அவளுக்குத் தாய்ப்பால். இறங்கி வருகிறவனை இன்னும் இறக்குவாள். ஆனால், கேட்காமலே விலையை ஏற்றுகிறவன் வேறு ஜாதி வாடிக்கை. சரக்கின் மதிப்பு அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எழுந்தாள்.

கொக்கியிலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள். அவன் நிறம்தான்.

அவன் கையை நீட்டினான்.

அவள் அதை மஞ்சப்பையில் போட்டாள். அடுத்த கொத்தையும். அதற்கடுத்ததையும். கொக்கி காலியாகிற வரை.

"என்னக்கா, போணியத் திருப்புதியளா?"

"சரக்கு இல்ல தம்பி."

"அந்தா பையில வச்சிருக்கியளே!"

"இது கோர்ட்டுக்குப் போற சரக்கு."

சிரிப்பு அவன் முகத்திலேயே கிடந்தது, எடுத்துப்போக மறந்த குடை மாதிரி.

"இது யாரு கட்டடம்னு ஞாபகம் இருக்கட்டும்."

"கடைய ஒழிச்சுக் குடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்க. வக்கீலத் தேடி நான் தனியா அலைய வேண்டாம். இப்ப அங்கதான போறேன்."

நோட்டை அவன் பக்கமாக நகர்த்தினாள். ஒற்றை விரலால்.

அவன் போனதும் ஷட்டரை இறக்கினாள். ஊதுபத்தி உள்ளேயே புகைந்துகொண்டிருந்தது.

வக்கீல் முன்னமேயே சொல்லியிருந்தார்: "வாங்கினது யாருன்னு நீங்க சொன்னா, வித்தது யாருன்னு அவங்க கேப்பாங்கம்மா."

கேட்கட்டும்.

ஊருக்கு அவள் ஃபேன்ஸி அக்கா. கடைப் பலகையில் இருப்பது மகன் பெயர். ரேஷன் கடையில்கூட இப்போது விரல் ரேகைதான். தன் வாயால் தன் பெயரைச் சொல்லி எத்தனை காலமாயிற்று.

ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆவுடைத்தங்கம்."

"என்னக்கா?" ஆட்டோக்காரன் பாதி திரும்பினான். ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த மணிக்கட்டில் கயிறு. வெயிலில் வெளுத்திருந்தது. முறுக்கைப் பார்த்ததுமே தெரிந்தது, அவள் கடைச் சரக்கு.

அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.