ஒன்பதாவது பாட்டு

செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு வெற்றிச்செல்வன் அதை அழித்தான். அழித்துவிட்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா என்ன? இருந்தாலும் விரல் அதைத்தான் செய்தது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டிய அந்த மலைப்பக்கத்தில், வீட்டுக்கு மேலிருந்த பாறைமேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் வரும். செய்தி அனுப்பியவள் ரம்யா, குழுவில் பாடுகிற நண்பன் பூவரசனின் தங்கை. 'அப்பா தவறிட்டாருண்ணா. நாலு மணிக்கு எடுக்குறோம். அண்ணனை எப்படியாவது அனுப்பி வைங்க.'

மணி பதினொன்று. கண்ணமங்கலத்துக்கு பைக்கில் மூன்று மணி நேரம். பன்னிரண்டரைக்குள் கிளம்பினால் பூவரசன் அப்பா முகத்தைப் பார்க்கலாம், கொள்ளி வைக்கலாம். அதற்கு மேல் போனால் சாம்பலைத்தான் பார்க்க வேண்டும்.

வெற்றி ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணமங்கலம் ரோட்டோரக் கடையில் அந்த மனிதர் ஊற்றிய தோசையைத் தின்று வளர்ந்தவன்தானே அவனும். ஆனால் கால் நிதானமாகத்தான் இறங்கியது. மனசு வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கீழே, பாஞ்சாலையக்காவிடம் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டில் அவர்களுடைய த்ராஷ் மெட்டல் இசைக்குழுவின் ஆல்பம் காத்திருந்தது. ஒன்பது பாட்டில் எட்டு முடிந்துவிட்டது. த்ராஷ் மெட்டல் என்றால் கிடாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும், பாடகன் அவற்றுக்கு மேல் கத்துவான். ஒன்பதாவது பாட்டின் முடிவில் பூவரசன் தனியாக நாற்பது விநாடி கத்த வேண்டும்.

அதுதான் இரண்டு நாளாக வரவில்லை. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல் கத்திக்கொண்டிருந்தான். நாளைக் காலை ஒன்பது பாட்டும் பெங்களூர் ஆடியோ கம்பெனி கையில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாலு வருஷப் பாடு, அந்த நாற்பது விநாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா போன சேதி தெரிந்தால் பூவரசன் மைக் பக்கம் திரும்புவானா? ஒரே ஒரு தடவை கத்தட்டும். முடிந்த கையோடு சொல்லிவிடலாம், தானே பைக்கில் வைத்துக் கூட்டிப்போகலாம். இப்படி நினைத்த தன்னை வெற்றிக்குக் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை.

வாசலில் பாஞ்சாலையக்கா மறித்தாள்.

"இன்னா தம்பி, அந்தப் புள்ள ஒண்ணுமே தொடலியே? காலைல வச்ச சாமைச் சோறு அப்டியே கீது. தண்ணிய மட்டும் குடிச்சுக்கினு கெடக்குறான்."

"பாட்டு கீதில்லக்கா. வயிறு நெறஞ்சா கத்த வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான்.

வெளிச் சத்தம் நுழையாதபடி ஜன்னல்களைக் கோணியாலும் பஞ்சு மெத்தையாலும் அடைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் அறை இருண்டு கிடந்தது. ஒலிப்பதிவு பார்க்கும் ஷோபனா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூவரசன் மைக் முன்னால், சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"எங்கடா போயிருந்த?" திரும்பாமலே கேட்டான்.

"பாறைக்கு."

"இன்னா சேதி?"

"ஒண்ணும் இல்ல மச்சான். கம்பெனிக்காரன்தான். நாளைக்கு வோணும்ன்றான்."

பூவரசன் திரும்பி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெற்றி கிடார் ஒயரைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டான்.

"சரி. ஒரே தபாதான். ஓட வுடு ஷோபனா."

ஷோபனா பொத்தானை அழுத்தினாள். பதிவு செய்து வைத்திருந்த கிடாரும் டிரம்ஸும் ஹெட்போனில் சீறிக்கொண்டு வந்து சட்டென்று நின்றன. பூவரசன் வாயைத் திறந்தான்.

அது பாட்டுக்காரன் தொண்டையிலிருந்து வருகிற சத்தமாக இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உடைந்து, மறுபடி எழுந்து, அறையைக் கிடுகிடுக்க வைத்தது. வெளியே கோழிகள் சிதறி ஓடின. பாஞ்சாலையக்கா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வாசலிலேயே உறைந்துபோனாள்.

நாற்பது விநாடி முடிந்தது. பூவரசன் நிறுத்தவில்லை. அறுபது ஆயிற்று, எண்பது ஆயிற்று. ஷோபனா பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, பயந்துபோய் வெற்றியைப் பார்த்தாள். வெற்றி 'நிறுத்தாதே' என்று கை காட்டினான். அந்த நேரத்திலும் காட்டினான், பாவி. ஆல்பம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் நெஞ்சில் குப்பென்று பொங்கியது. அடுத்த நொடியே அது அவனைச் சுட்டது.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. பூவரசன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

மணி பதினொன்று நாற்பது. இனிமேல் மறைக்க ஒரு காரணமும் இல்லை.

"பூவரசா, இப்டி உக்காரு. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உங்கப்பா... நம்ம அப்பா..." வெற்றி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான் மனுசனே இல்லடா. தெரிஞ்சும் உன்ன கத்த வுட்டேன். என்ன செருப்பால அடிடா!"

பூவரசன் அடிக்கவில்லை. அழுகிறவனைத் தாண்டிப்போய் ஷோபனாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, லேப்டாப் திரையில் எழுந்து விழுந்திருந்த கோடுகளை ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

"விடியக்காலைல பாறைக்குப் போனப்பவே எனக்குத் தெரியும்டா. பதிவாயிடுச்சில்ல?"