சாத்தான் சம்பந்தம்

“வே ஜெகதீசு, உம்ம மாப்பிள்ளை சாத்தானைக் கும்பிடுதான்” என்று போனை நீட்டினார் தேவசகாயம்.

ஜெகதீஸ்வரன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். தென்காசி ஸ்டேஷனில் அவரோடு இருந்த தேவசகாயம் இப்போது சர்ச்சில் சபை மூப்பர்.

போனில் பெங்களூர்க் கச்சேரி ஒன்று ஓடியது. தலைமுடியைச் சுழற்றிச் சுழற்றி டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவன் சுரண்டைப் பையன் விஜயசங்கர். அவனுக்கும், பெங்களூரிலேயே வேலை பார்க்கும் மகள் அபர்ணாவுக்கும் அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பனியனில் தலைகீழ்ச் சிலுவை. மேடை முழுக்கப் புகை. அதற்குள்ளிருந்து யாரோ பாடினார்கள். பாடினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிடாயை முழுங்கிய புலி ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது.

“தொண்டைக்குள்ள பிசாசுல்லா உக்காந்திருக்கு” என்றார் தேவசகாயம்.

ஜெகதீஸ்வரன் மகளிடம் வாயைத் திறக்கவில்லை. தரகர் காட்டிய போட்டோவைப் பார்த்ததுமே சம்மதம் சொன்னவள், உடைந்துபோவாள். விஜயசங்கரை மட்டும் குற்றாலத்துக்கு வரச் சொன்னார்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு டீக்கடையில், தேவசகாயத்தையும் கூட வைத்துக்கொண்டு விசாரணை நடந்தது. பையன் பதறவில்லை. ஊருக்கு வந்தால் முதல் வேலையாக முப்பிடாதியம்மன் கோயிலுக்குத்தான் போவானாம். இது மெட்டல் என்கிற பாட்டு வகை, பேய் வேஷம் கட்டினால் பேயாகிவிடுவோமா என்று கேட்டான். சிலுவையைப் பற்றிக் கேட்டதற்கு, இயேசுவின் சீடர் பேதுருவையே அப்படித் தலைகீழாகத்தானே சிலுவையில் அறைந்தார்கள் என்றான்.

தேவசகாயம் இருமினார். “அப்படியும் சொல்லுவாவ” என்று ஒப்புக்கொண்டு, வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜெகதீஸ்வரனுக்குப் பாதி பாரம் இறங்கியது. பையனைப் பிடித்தும்போனது. அந்தக் குரல்தான் காதை விட்டுப் போவேனா என்றது.

“சரி மாப்ள, நீங்க டிரம்ஸ் அடிங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புகைக்குள்ள நின்னு உறுமுச்சே ஒரு சவத்து மூதி, அதோட சங்காத்தம் இனிமே ஆகாது. கல்யாண மண்டபத்துப் பக்கமே அது வரக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க. அதைப் பெத்த பாவி எவனோ, வீட்ல எப்படித்தான் தாங்குதானோ.”

விஜயசங்கர் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“அபர்ணா மண்டபத்துக்கு வராம, நான் யாருக்கு மாமா தாலி கட்ட?”