காணாமல் போன கூட்டல் குறி

"நம்ம ஆஸ்பத்திரியில திருட்டு நடக்குது சார். நோயாளிங்க அனுப்பற படத்தையெல்லாம் காப்பி எடுக்கிறாங்க."

யார் எப்போது எதைக் காப்பி எடுத்தார்கள் என்று கம்ப்யூட்டர் பதிவு செய்த ஒரு கட்டுக் காகிதத்தை டைரக்டரின் மேசையில் வைத்தார் சிஸ்டம் சார். கம்ப்யூட்டர் பிரிவில் மொத்தமே அவர் ஒருவர்தான் என்பதால் வந்த பட்டம் அது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் தையல் போட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்ப, டாக்டர்கள் இங்கிருந்தே பார்த்து மருந்து சொல்லும் வெப்சைட் அவர் கைவண்ணம். மூன்று வருடமாக ஒரு புகார்கூட நிலுவையில் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

"யாரு எடுக்கிறது?"

"ரிசப்ஷன் அம்மா. தினமும் காலையில ஏழு மணிக்கே வந்துடறாங்க. முப்பது, நாப்பது படம்."

"அவங்களுக்கு டியூட்டியே எட்டு மணிக்குத்தானே?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"இப்பவே போய் விசாரிங்க. உண்மைன்னா வேலையை விட்டு அனுப்பிடலாம்."

சிஸ்டம் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினார்.

"நோயாளிங்க படத்தைக் காப்பி எடுக்கிறீங்களாமே?"

"ஆமா தம்பி. எடுக்கலைன்னா படம் திறக்க மாட்டேங்குதே."

"என்னது?"

ரிசப்ஷன் அம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கீழே பக்கம் பக்கமாகத் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகள். படத்தை எழுத்துகளாக மாற்றி அனுப்பி, இங்கே மறுபடி படமாக்குவது சிஸ்டம் சார் செய்த ஏற்பாடு.

"வீட்டுலேர்ந்து வர்றதுல பாதி இப்படி எழுத்தாவே நிக்குது. ஒரு நாள் அதே படத்தை நம்ம மெஷின்லேர்ந்து அனுப்பிப் பார்த்தேன், திறந்துடுச்சு. ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, அதுல கூட்டல் குறி இருக்கிற இடமெல்லாம் இதுல காலியா இருக்கு."

சொல்லிக்கொண்டே எழுத்துகளைக் காப்பி எடுத்து, காலி இடங்களில் கூட்டல் குறியை நிரப்பி, திரும்பப் போட்டார். கட்டத்துக்குள் ஒரு முழங்கால் வந்தது. தையலைச் சுற்றிச் செக்கச்செவேலென்று வீக்கம்.

"பாருங்க, சீழ் பிடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட உடனே சொல்லணும்," என்று போனை எடுத்தார்.

சில போன்களிலிருந்து அனுப்பும் வழியில் கூட்டல் குறி காலியிடமாகிவிடும் என்பது சிஸ்டம் சார் தொழிலில் அரிச்சுவடி. அதைப் பற்றி அவரே இருபது பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"மூணு தடவை எழுதிப் போட்டேனே. அனுப்பின கையோட, 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது'ன்னு மூணு தடவையும் பதில் வந்துச்சு."

வந்திருக்கும். புகார் வந்த நொடியே அப்படிப் பதில் போய்விடும்படி செய்து வைத்தவரும் அவர்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

"சரி, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு, டாக்டருங்க வர்றதுக்குள்ள சீக்கிரமே வந்து நானே பார்த்துக்கிட்டேன்," என்றார் ரிசப்ஷன் அம்மா.

சிஸ்டம் சார் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினார்; கோளாறு சரியானது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

டைரக்டர் அறை மூன்றாவது மாடியில். முதல் படியில் கால் வைத்தபோது, 'தப்பு முழுக்க என்னோடது சார்' என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். முதல் மாடியில் அது 'சின்னக் கவனக்குறைவு' ஆனது. இரண்டாவது மாடியில் 'தொழில்நுட்பக் கோளாறு'. கதவைத் தட்டும்போது, 'சில பேரோட போன் சரியில்லை சார்' என்பதில் வந்து நின்றிருந்தது.

டைரக்டர் முந்திக்கொண்டார்.

"அந்த அம்மா இப்பத்தான் போன் பண்ணினாங்க. 'கம்ப்யூட்டர் எனக்குத்தான் சரியா வரலை, எதையோ தட்டிட்டேன், தம்பி மேல ஒரு தப்பும் இல்லை'ன்னு ஒரே கெஞ்சல். இனிமே அதைத் தொடவே கூடாதுன்னு கண்டிச்சு வச்சிருக்கேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி அவங்களை மன்னிச்சுடுங்க."

சிஸ்டம் சார் கதவைச் சாத்திவிட்டு மேசை அருகே வந்தார்.

"யாரு யாரை மன்னிக்கணும்னு சொல்லத்தான் சார் வந்தேன்," என்று கடைசியாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்.