நாற்காலிக்கு அடியில்

போன வியாழக்கிழமை, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இசக்கிராஜ், உள்ளே ஒருவர் "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்வதைக் கேட்டதும் வெறுங்காலோடு ஓடிவிட்டான். செருப்பு கோயிலில் தொலைந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னான். எந்தக் கோயில் என்றுகூட அவள் கேட்கவில்லை. இந்த வாரம் செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தான். வாசலில் கிடந்தவற்றில் அவனுடையது இல்லை. டீத் தம்ளரோடு வெளியே வந்த நரைத்தாடிக்காரர், "செருப்புத்தானே தேடுறீங்க? உள்ள வாங்க. நாற்காலிக்கு அடியில பத்திரமா இருக்கு" என்றார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. இசக்கிராஜ் குனிந்து பார்த்தான். அவனுடைய ரப்பர் செருப்பை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்னும் மூன்று ஜோடி, தூசி படிந்து கிடந்தன. ஒன்று பெண்ணுடையது. "இதெல்லாம் யாரோடது?" என்றான். "அவங்க இன்னும் திரும்பி வரல" என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி. கால் கடுத்தது. தன் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நிமிஷம் என்று, இசக்கிராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.